சிங்கப்பூரில் முதன்முறை ஸ்டியரிங் பிடிக்கப் போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் வருஷக்கணக்கில் கார் ஓட்டியவர்களுக்கும் சிங்கப்பூரில் முதல் சில நாள் கை உதறத்தான் செய்யும். இத்தனைக்கும் சாலையில் பள்ளம் கிடையாது, மாடு குறுக்கே வராது, ஒருவழிப் பாதையில் எதிரே எவரும் வந்து நிற்க மாட்டார். ஸ்டியரிங் அதே வலப்பக்கம், ஓட்டுவதும் அதே இடப்பக்கம். பிறகு என்னதான் சிரமம் என்றால், இங்கே யோசிக்க நேரம் கிடைக்காது. ஓரங்கட்டி நிறுத்தி, "அண்ணே, ஜூரோங்குக்கு எப்படிப் போறது?" என்று டீக்கடையில் கேட்க முடியாது. யூ-டர்ன் பலகை இல்லாத இடத்தில் வண்டியைத் திருப்பக் கூடாது. விரைவுச்சாலையில் ஒரு எக்ஸிட்டைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை நேரே போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வண்டி நிற்கும்போது எடுக்க முடிந்த முடிவு எதையும் வண்டி ஓடும்போது எடுக்காதீர்கள். கீழே உள்ள எல்லாமே அதன் விரிவுதான்.

உரிமம், காப்பீடு, மஞ்சள் கோடுகள்

வேலை அனுமதியில் வந்திருப்பவர் செல்லுபடியாகும் இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு சொந்தத் தேவைக்கு 12 மாதம்வரை ஓட்டலாம். அதற்குமேல் தங்குவதானால் சிங்கப்பூர் உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். வண்டி ஓட்டுவதே வேலை என்பவர்களுக்குக் கெடு இன்னும் குறைவு. எந்த வகை அனுமதி அட்டையில் இருக்கிறீர்களோ அதற்கேற்ப விதி மாறுவதால், நண்பர் சொன்னதை நம்பாமல் காவல்துறையின் இணையப்பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாற்றுவதற்கு 'பேசிக் தியரி' தேர்வு எழுத வேண்டும். 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். ஊரில் ஓட்டிய அனுபவம் இந்தத் தேர்வில் பெரிதாகக் கைகொடுக்காது. 12 மாதம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல் அந்தப் புத்தகத்தை முதல் மாதமே வாங்கிப் படிப்பது நல்லது. உரிமம் ஒருபக்கம் இருக்கட்டும், சாலையில் வரைந்திருக்கும் கோடுகள் என்ன சொல்கின்றன என்பதை வேறு எவரும் உங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரப் போவதில்லை.

உதாரணத்துக்குச் சாலையோர மஞ்சள் கோடு. ஒற்றை நேர்கோடு என்றால் ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர மற்ற நாள்களில் காலை 7 முதல் இரவு 7 வரை நிறுத்தக் கூடாது. இரட்டை நேர்கோடு என்றால் எந்த நேரமும் கூடாது. ஒற்றை வளைகோட்டில், அதாவது ஜிக்ஜாக் கோட்டில், ஆளை ஏற்றி இறக்க மட்டும் சட்டென்று நின்று கிளம்பலாம். இரட்டை வளைகோட்டில் அதுவும் ஆகாது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சனிக்கிழமை மாலை "ரெண்டே நிமிஷம், கறிவேப்பிலை வாங்கிட்டு வந்துடறேன்" என்று இறங்கும் மனைவிக்காகவோ கணவருக்காகவோ எந்தக் கோட்டின்மேல் நிற்கிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளின் கார்பார்க்கில் வெள்ளைக் கட்டம் எல்லாருக்கும், சிவப்புக் கட்டம் மாதச் சீட்டு வைத்திருக்கும் குடியிருப்பாளருக்கு.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் சொந்தக் கார் வாங்குவதில்லை. கார் வாங்க இங்கே கட்டாயம் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழின் விலையைக் கேட்ட பிறகு அந்த ஆசை தானே அடங்கிவிடும். மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வாடகைக்கு எடுப்பதுதான் வழக்கம். அப்படி எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: எத்தனை வருட உரிமம் கேட்கிறார்கள், விபத்து நேர்ந்தால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், வண்டியை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா. இரண்டாவதை யாரும் படிப்பதில்லை. சிறிய உரசலுக்கே ஆயிரக்கணக்கான வெள்ளி கட்டும்படி ஒப்பந்தம் இருக்கலாம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருந்தால், முதல் சில மாதங்களுக்காவது அதை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கார்பார்க்கில் ஒரு சுற்று

வாடகை வண்டியோ சொந்த வண்டியோ, ஏறுமுன் ஒருமுறை சுற்றி வாருங்கள். வாடகை வண்டியானால் நான்கு பக்கமும் படம் எடுங்கள், முக்கியமாகச் சக்கர விளிம்பையும் முன்பம்பரின் அடியையும். முந்தையவர் உரசியது அங்கேதான் இருக்கும்.

பிறகு டயர். சட்டப்படி டயரின் வரிப்பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் இங்கே பெய்யும் மழைக்கு அது போதாது என்பது என் எண்ணம். 3 மில்லிமீட்டர் வந்ததுமே மாற்றும் யோசனையைத் தொடங்கிவிடலாம். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2423 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பழைய வண்டி ஒன்றை வாங்கப் போனால் முதலில் அதைப் படியுங்கள். குறைவாக ஓடிய வண்டியில் வரிப்பள்ளம் ஆழமாகத் தெரியும், ரப்பர் மட்டும் வெயிலில் காய்ந்து இறுகிப் போயிருக்கும்.

காற்று நிரப்புவதில் நம் ஊர்க்காரர்கள் ஒருகணம் திகைப்பது உண்டு. நமக்குப் பழக்கம் 30, 32 என்ற கணக்கு. இங்கே பெட்ரோல் நிலையத்து மெஷினில் 200, 230 என்று ஓடும். அது கிலோபாஸ்கல். 32 என்பது ஏறக்குறைய 220. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். அந்த எண்ணை மெஷினில் வைத்து, குழாயை வால்வில் மாட்டினால் அதுவே நிரப்பிவிட்டுப் பீப் ஒலி எழுப்பும். காசு கிடையாது. வண்டி நெடுநேரம் ஓடிச் சூடான பிறகு அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும். ஆகையால் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தில், கிளம்பிய கையோடு பார்த்துவிடுங்கள்.

வைப்பர் ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு சொரசொரப்பாக இருந்தால், அல்லது துடைக்கும்போது கண்ணாடியில் கோடு கோடாகத் தண்ணீர் நின்றால், மாற்றும் நேரம் வந்துவிட்டது. திறந்தவெளியில் நிறுத்தப்படும் வண்டியின் வைப்பர் ஒரு வருடம் தாங்குவதே அபூர்வம். ஹெட்லைட், பிரேக் லைட், சிக்னல் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தால் பின்விளக்கின் சிவப்பு சுவரில் தெரியும், இறங்கிப் பார்க்க ஆள் வேண்டாம். இரவு 7 முதல் காலை 7 வரை விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். தெருவிளக்கின் பளபளப்பில் தன் விளக்கு அணைந்திருப்பதே தெரியாமல் ஓட்டுகிறவர்களை நீங்களும் பார்ப்பீர்கள்.

உள்ளே வந்தால் இருக்கை, கண்ணாடிகள், பெல்ட். பின்னிருக்கையில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளைகளுக்கு அவர்களுக்கேற்ற இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்வது என்ற பேச்சே கிடையாது. டாக்சிக்கு விலக்கு உண்டு, உங்கள் காருக்கு இல்லை.

டேஷ்போர்டில் பிள்ளையார் இருப்பதில் தவறில்லை. கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையோடு வண்டியை எடுப்பதும் நம் வழக்கம்தான். ஆனால் உருளி அளவு கனமான சிலை, திடீர் பிரேக் போட்டால் அங்கேயே இருக்காது. சிறியதாக, ஒட்டி வையுங்கள். பானெட்டிலிருக்கும் மாலையைக் கோயில் வாசலிலேயே கழற்றிவிடுங்கள், காற்றில் அது முன்கண்ணாடிக்கு ஏறிவரும்.

சாலைக்கு மேலே நின்று தானாகப் பணம் பிடிக்கும் சாலைக்கட்டண வளைவுகளுக்கான கார்டில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய கருவி பொருத்தப்பட்ட கார்களில் கார்டு செருகும் பெட்டி முன்பயணியின் கால் வைக்கும் பகுதியில் இருக்கும், பழைய கருவியானால் முன்கண்ணாடிக்குக் கீழே. வளைவின் அடியில் போகும்போது "கார்டு எங்கே?" என்று கைப்பையைத் துழாவும் நிலை வரக்கூடாது.

கடைசியாகக் கைபேசி. ஓட்டும்போது அதைக் கையில் பிடித்திருந்தாலே குற்றம். பேசவோ தட்டவோ வேண்டியதில்லை, பிடித்திருந்தாலே போதும். தாங்கியில் மாட்டி, போகும் இடத்தைக் கார்பார்க்கிலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வழியை முதலில் படியுங்கள்

வரைபடம் சொல்லிக்கொண்டே வரும் என்று விட்டுவிடாதீர்கள். கிளம்பும் முன் வழியைப் பெரிதாக்கி மூன்றைப் பாருங்கள்: எந்த விரைவுச்சாலையில் ஏறுகிறேன், எத்தனையாவது எக்ஸிட்டில் இறங்குகிறேன், இறங்கியதும் இடமா வலமா. இங்கே எக்ஸிட்டுகளுக்கு எண் உண்டு. எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பலகையில் பெயரைப் படிக்கத் திணற வேண்டியதில்லை.

அப்படியும் தவறிவிட்டால்? எனக்கு இங்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்த டாக்சிக்கார மாமா ஒருவர் சொல்வார்: "தம்பி, எக்ஸிட் போனா போகட்டும். அடுத்த எக்ஸிட் எங்கயும் ஓடிப் போயிடாது." கடைசி நொடியில் மூன்று தடம் தாண்டி வெட்டி இறங்குவதுதான் புதியவர்கள் செய்யும் ஆபத்தான வேலை. அதற்குப் பதில் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேரலாம்.

முதல் சில ஓட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணப் பேருந்துத் தடங்களுக்கு அன்று கட்டுப்பாடு இல்லை, லாரியும் குறைவு. வார நாள்களில் என்றால் மஞ்சள் கோடு போட்ட பேருந்துத் தடம் காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் பேருந்துக்கே. சிவப்புக் கோடும் சேர்ந்திருந்தால் திங்கள் முதல் சனி வரை, காலை 7.30 முதல் இரவு 11 வரை.

விரைவுச்சாலையில்

வேக வரம்பு பெரும்பாலும் 80 அல்லது 90. விரைவுச்சாலை அல்லாத சாலைகளில் வேறு பலகை இல்லையென்றால் 50. முதியோர் அதிகம் வசிக்கும் வட்டாரங்களில் 40, சில இடங்களில் 30. சிவப்பு விளக்குக் கேமராக்கள் 2024 ஏப்ரல் முதல் வேகத்தையும் பிடிக்கின்றன, ஆகவே பச்சை விழுகிறது என்று சந்திப்பை நோக்கி விரட்டுவதில் லாபமில்லை. 24 மாதத்துக்குள் 24 குற்றப்புள்ளி சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தப்படும். புதிதாக உரிமம் எடுத்து முதலாண்டில் இருப்பவருக்கு 13 புள்ளியிலேயே உரிமம் போய்விடும்.

வலக்கோடித் தடம் முந்துவதற்கு. அங்கே 70-இல் நிம்மதியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனால் பின்னால் வருகிறவர் உங்கள் டிக்கியை முகர்வார். முந்திவிட்டு இடப்பக்கம் வாருங்கள். ஏறும் சாலையில், அதாவது விரைவுச்சாலையோடு சேரும் நீண்ட தடத்தில், தயங்கித் தயங்கி 40-இல் போய் முனையில் நிற்பது ஆபத்து. அந்த நீளத்தைப் பயன்படுத்தி ஓட்டத்தின் வேகத்துக்கு வந்த பிறகு நுழையுங்கள்.

சிக்னல் போட்டால் வழிவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சிக்னல் விழுந்ததும் இடைவெளியை அடைக்க வேகம் கூட்டும் ஒரு கெட்ட வழக்கம் இங்கே சிலருக்கு உண்டு. அதற்காகச் சிக்னல் போடாமலும் இருக்க முடியாது. போடுங்கள், கண்ணாடியில் பாருங்கள், பிறகு தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாக ஒருமுறை பாருங்கள். அந்த மூலையில்தான் மோட்டார் சைக்கிள் இருக்கும். அதிகாலையில் உட்லண்ட்ஸ் பக்கமிருந்து புக்கிட் தீமா விரைவுச்சாலையிலும் துவாஸ் பக்கமிருந்து ஆயர் ராஜா விரைவுச்சாலையிலும் மலேசியப் பதிவெண் கொண்ட மோட்டார் சைக்கிள்கள் சாரிசாரியாக, தடங்களுக்கு நடுவே வரும். வேலைக்கு நேரத்துக்குப் போகும் அவசரம் அவர்களுக்கு.

பெரிய லாரிகளுக்கு வரம்பு 60. லாரிகளின் பின்பகுதியில் உட்கார்ந்து வேலையிடம் போகிறவர்களில் நம் ஊர்க்காரர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெல்ட் கிடையாது. அந்த லாரிக்கு முன்னால் வெட்டி நுழைந்து பிரேக் போடுவதற்கு முன் இதை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ன் இங்கே திட்டுவதற்குச் சமம், ஆபத்துக்கு மட்டும் அடியுங்கள். எதிரே ஒருவர் ஹெட்லைட்டை மின்னினால் "நீ போ" என்றும் இருக்கலாம், "நான் வருகிறேன்" என்றும் இருக்கலாம். அவர் வண்டி உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகே நகருங்கள்.

வலப்பக்கம் திரும்பும்போது

சிங்கப்பூரில் புதியவர் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் எது என்று கேட்டால், விரைவுச்சாலை என்று சொல்ல மாட்டேன். அம்புக்குறி இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் திரும்பும் அந்தச் சில வினாடிகள்தான்.

பச்சை விழுகிறது. நீங்கள் சந்திப்பின் நடுவிலுள்ள புள்ளிக்கோட்டு இடத்துக்கு முன்னேறி நிற்கிறீர்கள். எதிரே நேராக வரும் வண்டிகளுக்கே முன்னுரிமை. எதிர்த் தடத்தில் வலப்பக்கம் திரும்ப ஒரு பேருந்து நிற்கிறது, அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. இடைவெளி தெரிகிறது, பின்னால் நிற்பவர் ஹார்ன் அடிக்கிறார். அடிக்கட்டும். பேருந்து மறைத்த தடத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று 60-இல் வந்துகொண்டிருக்கலாம். அதையும் கடந்துவிட்டீர்கள் என்றே வையுங்கள், நீங்கள் திரும்பி நுழையும் சாலையில் பாதசாரிகளுக்கான பச்சை மனிதன் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஆள்கள் கடந்துகொண்டிருப்பார்கள். முதியவர்கள் கம்பத்தில் அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் வழக்கத்தைவிட அதிக நேரம் எரியும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. ஆகவே "இந்நேரம் முடிந்திருக்கும்" என்ற கணக்குச் செல்லாது.

எதிர்த்தடம் முழுதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கடக்கும் பாதை காலியாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் திரும்பலாம். நிலப் போக்குவரத்து ஆணையம் 2018 முதல் பல சந்திப்புகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறிகளைப் பொருத்தி வருவது இந்தச் சிக்கலுக்காகத்தான். சிவப்பு அம்பு எரிந்தால் நிறுத்தக் கோட்டுக்குப் பின்னாலேயே நில்லுங்கள், நேர்ப்பச்சை எரிந்தாலும் சரி. முதல் மாதத்தில் அம்புக்குறி உள்ள சந்திப்பு வழியாகப் போகும்படி வழியைத் தேர்ந்துகொள்வது கோழைத்தனம் ஆகாது.

இடப்பக்கம் திரும்புவதும் சிவப்பில் கூடாது, அதற்கான பலகை இருந்தாலொழிய. பலகை இருந்தாலும் முதலில் நிறுத்தி, வலப்பக்கம் பார்த்து, பிறகு போக வேண்டும்.

மழை

மழையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே பருவநிலை என்பதே பெரும்பாலும் மழைதான். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் நசநசவென்று பெய்யும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் 'சுமத்ரா' புயல்காற்று வரும். மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வரிசையாகத் திரண்டு வந்து, ஒன்றிரண்டு மணி நேரம் காற்றும் மழையுமாக அடித்துவிட்டுப் போய்விடும். காலை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மேற்கு வானம் மையிருட்டாக இருந்தால் காப்பியை மெதுவாகக் குடியுங்கள், மரக்கிளை விழுவதும் அந்த நேரத்தில்தான்.

தீவு விரைவுச்சாலையில் 90-இல் போகும்போது மழை தூறலாகத் தொடங்காது. சுவர்போல் நிற்கும், அதற்குள் நீங்கள் நுழைவீர்கள். வைப்பர் அதிவேகத்தில் அடித்தும் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும். அப்போது செய்ய வேண்டியது வரிசையாக இது: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். ஹெட்லைட்டைப் போடுங்கள். இடப்பக்கத் தடத்துக்கு மெல்ல வாருங்கள். முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். எல்லா சிக்னலையும் ஒருசேர மினுக்கிக்கொண்டு ஓட்டாதீர்கள், நீங்கள் தடம் மாறப் போவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும்.

இடைவெளியை எப்படி அளப்பது? 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 25 மீட்டர் போகிறது. முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று எண்ணத் தொடங்குங்கள். காய்ந்த சாலையில் இரண்டு எண்ணி முடித்த பிறகே நீங்கள் அந்தக் கம்பத்தை அடைய வேண்டும், மழையில் நான்கு. நடுவில் இன்னொரு கார் நுழைந்துவிடும்தான். நுழையட்டும், மறுபடி பின்வாங்குங்கள்.

டயர் தண்ணீரைக் கிழித்து ஒதுக்க முடியாத வேகத்தில் போனால் வண்டி சாலையைத் தொடாமல் தண்ணீர்மேல் வழுக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டதுபோல் இருக்கும், அதுதான் அடையாளம். பிரேக் போடாதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்திருங்கள், வேகம் குறைந்ததும் பிடி திரும்பும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும், அப்போதே எச்சரிக்கையாக இருங்கள்.

முன்கண்ணாடி மூடிக்கொள்வது இன்னொரு தொல்லை. விரலால் உட்புறம் தேய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது: ஏசி ஓடட்டும், காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள், வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். கோடு விழவில்லையென்றால் ஈரம் வெளியே. ஏசியின் குளிர் கண்ணாடியில் ஏறி, வெளியிலுள்ள ஈரக்காற்று அதன்மேல் படிகிறது. வைப்பரை ஒருமுறை அடித்துவிட்டு, ஏசியின் குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து கால்பக்கம் திருப்புங்கள். ஊரில் மலைப்பாதையில் பழகியவர்கள் பெரும்பாலும் முதல் வைத்தியத்தையே இரண்டுக்கும் செய்வார்கள், இரண்டாவது வகைக்கு அது நிலைமையை மோசமாக்கும்.

அடுத்து திடீர் வெள்ளம். இவ்வளவு வடிகால் கட்டிய ஊரிலும் அது வரும். 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலையே மூழ்கியது. 2021 ஆகஸ்டில் தெம்பனிஸ், பாசிர் ரிஸ் பக்கம் கார்கள் தண்ணீரில் சிக்கின. பொதுப் பயனீட்டுக் கழகம் வெள்ள எச்சரிக்கைகளைச் செயலிகளில் அனுப்புகிறது, அறிவிப்பை இயக்கி வையுங்கள். சாலையோர நடைபாதையின் விளிம்பு தண்ணீருக்குள் மறைந்திருந்தால் உள்ளே இறங்காதீர்கள். முன்னால் போன லாரி தாண்டிவிட்டதை வைத்து உங்கள் காரும் தாண்டும் என்று கணக்குப் போடக் கூடாது, லாரி காற்றை இழுக்கும் உயரம் வேறு. நடுவில் எஞ்சின் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே போன தண்ணீர் எஞ்சினையே உடைத்துவிடும். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் வண்டியை விட்டு இறங்கி மேட்டுக்குப் போங்கள்.

சுரங்கம், புகைமூட்டம்

காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். 2013 டிசம்பரில் திறந்த மரினா கரையோர விரைவுச்சாலையோடு அது பூமிக்கடியிலேயே சேர்கிறது. அதாவது நிலத்துக்கடியில் சாலை பிரியும், கைபேசி வரைபடம் சில நேரம் அங்கே தடுமாறும். பலகையை மட்டும் நம்புங்கள், எந்தத் தடம் என்பதை நுழையும் முன்பே முடிவு செய்யுங்கள். வெயிலிலிருந்து நுழையும்போது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே புகை தெரிந்தால் எஞ்சினை அணைத்து, சாவியை விட்டுவிட்டு, தப்பிக்கும் கதவுப் பக்கம் நடந்து போய்விட வேண்டும்.

புகைமூட்டம் எல்லா ஆண்டும் வருவதில்லை. வந்தால் பலமாக வரும், 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது. பகலிலும் ஹெட்லைட், ஏசியில் உட்காற்றுச் சுழற்சி, அவ்வளவுதான்.

ஜொகூருக்குப் போவதானால்

கொஞ்சம் பழகியதும் எல்லாரும் கேட்பது இதைத்தான். ஜொகூர் பாருவின் கண்ணாடிக் கோயிலுக்குப் போகலாமா, கோலாலம்பூர்ப் பக்கமுள்ள பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகலாமா? போகலாம், ஆனால் தயாரிப்பு இரண்டு மடங்கு.

சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட பெட்ரோல் கார் எல்லையைத் தாண்டும்போது டாங்கியில் முக்கால்வாசி பெட்ரோல் இருக்க வேண்டும். முள் முக்கால் கோட்டுக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் உண்டு. மலேசியா பக்கம் வாகன நுழைவு அனுமதிக்குப் பதிந்து, அந்த வில்லையை வண்டியில் ஒட்டியிருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இது இல்லாமல் பிடிபட்டால் 300 ரிங்கிட் அபராதம். சாலைக்கட்டணத்துக்கும் சுங்கத்துக்கும் 'டச் அண்ட் கோ' கார்டு வேண்டும், பணம் நிரப்பி வையுங்கள். சிங்கப்பூர்ப் பக்கம் காரில் வருவோர் கடப்பிதழுக்குப் பதில் செயலியில் உருவாக்கிய கியூஆர் குறியீட்டைக் காட்டலாம், குடும்பத்துக்குச் சேர்த்து ஒன்றே உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் கடப்பிதழை வீட்டில் வைத்துவிடாதீர்கள், மலேசியா பக்கம் அது வேண்டும். அங்கே போய் மலிவு என்று ரான் 95 பெட்ரோல் போடக் கூடாது, வெளிநாட்டுப் பதிவெண்ணுக்கு அது தடை. 97 போடலாம்.

வெள்ளி மாலையும் சனி காலையும் உட்லண்ட்ஸ் கடற்பாலம் நகராது. துவாஸ் வழியாகச் சுற்றினாலும் பள்ளி விடுமுறையில் அதுவும் அப்படித்தான். கிளம்பும் முன் பிள்ளைகளைக் கழிவறைக்கு அனுப்பிவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் வரம்பு 110. சிங்கப்பூரில் பழகிய கண்ணுக்கு அங்கே இரவு வேறு மாதிரி இருக்கும். பல பகுதிகளில் தெருவிளக்கு இல்லை, டிரெய்லர்கள் மெதுவாகப் போகும், விளக்கு எரியாத மோட்டார் சைக்கிளும் வரும். எதிரேயும் முன்னேயும் வண்டி இல்லாதபோது ஹைபீம் போடுங்கள், தெரிந்ததும் தாழ்த்துங்கள். முதல் பயணத்தைப் பகலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாச்சாப் அல்லது பாகோ ஓய்விடத்தில் நிறுத்தி இறங்கி நடங்கள். கொட்டாவி வந்தபின் பாட்டைச் சத்தமாக வைப்பது தூக்கத்துக்கு மருந்தல்ல. இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்குவதுதான் மருந்து.

வண்டி நின்றுவிட்டால், இடித்துவிட்டால்

விரைவுச்சாலையில் வண்டி மக்கர் செய்தால் முடிந்தவரை இடப்பக்க ஓரத்துக்குக் கொண்டுவந்து, எல்லா சிக்னலையும் மினுக்க விடுங்கள். இதற்குத்தான் அந்தப் பொத்தான். பயணிகள் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது, காருக்குப் பின்னால் நின்று போன் பேசவும் கூடாது. கேமராவில் பார்த்து நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி வரும், அருகிலுள்ள குறித்த கார்பார்க் வரை இலவசமாகக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து உங்கள் செலவு. தானாக வந்து நிற்கும் தனியார் இழுவை வண்டிக்காரரிடம் விலை பேசாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இடித்துவிட்டால் யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஆம்புலன்சுக்கு 995, காவல்துறைக்கு 999. காயம் பட்டிருந்தாலோ, நடந்து வந்தவரோ சைக்கிளில் வந்தவரோ சம்பந்தப்பட்டிருந்தாலோ, வெளிநாட்டு வண்டியானாலோ, அரசாங்கச் சொத்து சேதமானாலோ, இடித்தவர் நிற்காமல் போய்விட்டாலோ காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மற்றபடி சாதாரண உரசல் என்றால் இரு வண்டிகளின் நிலை, பதிவெண், சேதம், சுற்றுப்புறம் தெரியும்படி படம் எடுத்து, எதிராளியின் பெயர், தொடர்பு எண், காப்பீட்டு விவரம் வாங்கிக்கொண்டு, வண்டியை ஓரமாக நகர்த்துங்கள். "நூறு வெள்ளி கொடுத்திடறேன், விட்டுடுங்க" என்று அவர் சொன்னாலும், அல்லது நீங்களே அப்படிச் சொல்லத் தோன்றினாலும், 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதை மறைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து எதிராளி கழுத்துவலி என்று கோரிக்கை வைத்தால், காப்பீடு கைவிரித்துவிடலாம். வாடகை வண்டியானால் அந்த இடத்திலிருந்தே நிறுவனத்தை அழையுங்கள், எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோவது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.